பேச்சில்லாத கட்டங்கள்

என் வீட்டுக்காரர் காமிக்ஸ் படிக்கிறவர் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. சொந்தமாக ஜீப்பு இருக்கிறது, குடி கிடையாது என்று மட்டும் சொன்னார்கள். இரண்டும் பொய்யில்லை. மீசை வைத்த மனிதர் தட்டில் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பொம்மைப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக் கிடப்பார் என்பது கல்யாணம் முடிந்து போடிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த எரிச்சலுக்காவது அவர் வந்து உட்கார மாட்டாரா என்றிருக்கிறது.

விடிவதற்கு முன்னால் ஜீப்பை எடுத்துக்கொண்டு சிலமலைக்குப் போவார். அங்கே பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு விடுவார். அவர்கள் காய் எடுத்துவிட்டு வரச் சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் டிரைவர்களுக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். இவர் போனை எடுத்து வைத்துக்கொள்வார். புத்தகமாகப் படித்த காமிக்சை எல்லாம் அதற்குள் போனிலேயே வாங்கிப் படிக்கிற அளவுக்கு முன்னேறிவிட்டார். அந்தத் தோட்டத்தில் டவர் கிடையாது. அதனால் போடியிலேயே எல்லாவற்றையும் டவுன்லோடு போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அவர் மட்டுமில்லை, மலைக்குப் போகிற எல்லோரும் அப்படித்தான். பாட்டு, படம், சீரியல் எதுவாக இருந்தாலும் சோறு கட்டுகிற மாதிரி முதலிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மேலே போனால் எதுவும் கிடைக்காது.

படிப்பதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு அந்தப் படங்களை வெட்டி எடுத்துச் சினிமாப் பாட்டுக்கு வீடியோ செய்து, நெட்டில் தனக்கென்று ஒரு சேனல் வைத்து அதில் போட ஆரம்பித்தார். இப்படிச் செய்கிற ரசிகர்கள் நாடு பூராவும் இருக்கிறார்களாம், அவர்களுக்கென்று ஒரு குரூப்பு வேறு. ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் கட்டம் இருக்கும். அதில் ஒரு கட்டத்தை மட்டும் விரலால் பிடித்து வெட்டுவார். அதைப் பாட்டின் போக்குக்கு மெல்ல நகர்த்துவார், கிட்டே கொண்டுவருவார், தூரத்தில் தள்ளுவார். தபேலா அடிக்கிற இடத்தில் குதிரை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும். புல்லாங்குழல் வருகிற இடத்தில் வெறும் மலை.

அவருக்குப் பேச்சில்லாத கட்டங்கள்தான் வேண்டும். காமிக்சில் அது லேசில் அகப்படாது. திருடனிலிருந்து நாயகன்வரை எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். தலைக்கு மேலே வெள்ளைக் குமிழி குமிழியாக எழுத்து நிற்கும். அதையெல்லாம் தவிர்த்துவிட்டு, ஒருத்தன் தனியாக மலைப்பாதையில் போகிற கட்டம், ஆளில்லாத ரயிலடி, மழை பெய்கிற தெரு, ஜன்னலில் நிற்கிற பெண் என்று தேடித் தேடிச் சேர்ப்பார். அப்படிக் கிடைக்காவிட்டால் குமிழியை விரலால் தடவி அழித்து அந்த இடத்தில் வானத்தின் நிறத்தைப் பூசுவார். எதுக்கு இந்த வேண்டாத சோலி என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டுல ஒருத்தன் உசுரக் குடுத்துப் பாடிக்கிட்டு இருக்கான். படத்துல இன்னொருத்தன் பேசிக்கிட்டே இருந்தா எப்படிப் புள்ள கேக்கும்?" என்றார்.

நான் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். பெரிசு, சின்னது, வெடித்தது என்று நாள் முழுக்கத் தரம் பிரித்துவிட்டுக் கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்தால், "இதக் கொஞ்சம் பாரு" என்று போனை நீட்டுவார். பாதி நாள் பார்க்காமலேயே நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை மட்டும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிவுப் பாட்டு ஒன்று. ஏறி உட்கார ஆளில்லாத குதிரை ஒரு கணவாயைப் பார்த்து நடந்து போய்க்கொண்டே இருக்கும், வேறு ஒன்றும் கிடையாது. குதிரையை நல்லா நடக்க விட்டிருக்கீக என்றேன். அதற்கே மனிதருக்கு இரண்டு நாள் காலே தரையில் படவில்லை.

அந்தக் குரூப்பில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். பாட்டும் அடுத்தவனுடையது, படமும் அடுத்தவனுடையது என்றால் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்து வீடியோவைத் தூக்கிவிடுவார்களாம். முதலில் சொந்தக் குரலில் நாலு வார்த்தை பேசிவிட்டால் விட்டுவிடுவார்களாம். இது நிஜமா, அவனாக அவிழ்த்துவிட்டதா, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வணக்கம் நண்பர்களே என்று பேசிப் பார்த்தார். கூச்சத்தில் குரல் வரவில்லை. கடைசியில் தினமும் காலையில் சிலமலையில் கியர் போடுவதற்கு முன்னால் பின்பக்கம் திரும்பிப் பெண்களிடம் என்ன கேட்பாரோ, அதையே பேசிப் போட்டார்.

"ஏறியாச்சா ஆத்தா? யாரும் விட்டுப் போகலையே? சரி, போவோம்."

ஒவ்வொரு வீடியோவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் கறுப்புத் திரை, அதில் இவர் குரல், பிறகு பாட்டு. ஸ்டோரில் என்னோடு காய் பொறுக்குகிறவர்கள் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, நான் உள்ளே நுழையும்போதெல்லாம் "ஏறியாச்சா ஆத்தா" என்று இழுப்பார்கள். மானம் போகிறது என்று வீட்டில் வந்து கத்துவேன். சொந்தக் கொரலு இருந்தா அது சொந்த வீடியோ ஆயிரும் புள்ள என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

போன வருஷம், காய் எடுப்பு மும்முரமாக நடந்த சமயம். சாயங்காலம் பெண்கள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தபோது இவர் டிரைவர் சீட்டில் தலையைச் சாய்த்தபடி இருந்திருக்கிறார். பொம்ம பாத்துக்கிட்டே தூங்கிட்டாரு என்று கேலி பேசிக்கொண்டே எல்லோரும் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏறியாச்சா என்று அவர் கேட்பார் என்று பார்த்திருக்கிறார்கள். கேட்கவில்லை. சின்னம்மாதான் இறங்கிப் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தார். சின்னம்மா என்றால் எனக்கு முறைக்குச் சின்னம்மா, அந்த ஜீப்பில் போகிறவர்களில் மூத்தவர். தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த வயதில், டவர் கிடைக்கிற வளைவுவரை செருப்பில்லாமல் ஓடினார். அந்த வளைவிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. நெஞ்சுவலி என்றார்கள். கீழே கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

அவருடைய போனை என்னிடம் கொடுத்தபோது அதில் ஒரு கட்டம் திறந்தே இருந்தது. மலைமேல் ஒருத்தன் நிற்கிறான். தலைக்கு மேலே இருந்த குமிழியில் பாதியை வானத்து நிறத்தில் பூசியிருந்தார். மீதியில் எழுத்து இருந்தது. என்ன எழுத்து என்று நான் படிக்கவில்லை.

ஆள் போன பிறகு எல்லாவற்றையும்விட முதலில் தொலைவது குரல்தான். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் என் பக்கம் குனிந்து என்னவோ சொல்கிறார், நான் சிரிக்கிறேன். வாய் அசைகிறது, ஆனால் மேலே பாட்டுத்தான் ஓடுகிறது. வீடியோக்காரன் முழுசுக்கும் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. போனிலாவது இருக்குமா என்று துழாவினேன். வீடியோவைச் சேனலில் ஏற்றிவிட்டு உடனே போனிலிருந்து அழித்துவிடுகிற ஆள் அவர். காமிக்சுக்கு வேண்டிய இடத்தை அடைக்கும் என்பார். "அங்க பத்திரமா இருக்கும் புள்ள, இங்க எதுக்கு?" என்பார்.

ஆக மிச்சமிருந்தது அந்தச் சேனல்தான். தினமும் ஸ்டோரிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு முதலில் அதைத்தான் போடுவேன். பாட்டு வருகிறவரைக்கும் கேட்பேன். பாட்டு ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததைப் போடுவேன். ஏறியாச்சா ஆத்தா. ஏறியாச்சா ஆத்தா. சில வீடியோவில் ஜலதோஷம் பிடித்த குரல். ஒன்றில் பின்னால் மழை. இன்னொன்றில் நான் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தம்கூட விழுந்திருக்கிறது. இதெல்லாம் போய்விடக் கூடாது என்று எல்லா வீடியோவையும் என் போனில் டவுன்லோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே டிக் விழுந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மலைக்காரர்களுக்கு டவுன்லோடு என்றால் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் போட்டால் சேனலே இல்லை. ஏதோ இங்கிலீசில் இரண்டு வரி. சரி, டவுன்லோடு இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். எந்தக் கட்டத்தை அமுக்கினாலும் அதே இரண்டு வரி. போனை அணைத்துப் போட்டேன், தட்டினேன், மறுபடி போட்டேன்.

மறுநாள் ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற போன் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பொறுமையாகப் பார்த்தான். பாட்டுக் கம்பெனியோ காமிக்ஸ் கம்பெனியோ யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், சேனலை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள் என்றான். டவுன்லோடு போட்டேனேப்பா என்றேன். அது போனுக்குள் இறங்குகிறது இல்லையாம். அந்த ஆப்புக்குள்ளேயே இருக்குமாம். அங்கே போனால் இங்கேயும் போய்விடுமாம். சொந்தக் குரல் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்களே என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

நான் கிளம்புகிற நேரத்தில்தான் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொன்னான்.

"இதுக்கு முன்னாடி வேற யாராச்சும் டவுன்லோடு போட்டு வச்சிருந்து, அந்தப் போனுல இன்னும் நெட்டு படாம இருந்தா, அதுல ஓடும்க்கா. பக்கத்துல இன்னொரு போன வச்சுப் பதிஞ்சுக்கிறலாம். ஆனா வெரசாப் போகணும். நெட்டு பட்டுச்சுன்னா அதுவும் போயிரும்."

சின்னம்மா!

இடுப்பு வலியால் தினமும் ஜீப்பில் ஏறி இறங்க முடியவில்லை என்று, இவர் சாவதற்கு முன்னாலேயே சின்னம்மா தோட்டத்து லயத்தில் தங்க ஆரம்பித்திருந்தார். லயம் என்றால் தோட்டத்துக்காரர் கட்டிவிட்ட வரிசை வீடுகள். எப்போதாவதுதான் கீழே இறங்குவார், இவர் செத்தது அப்படி இறங்கக் கிளம்பிய ஒரு நாளில்தான். அங்கே பொழுது போக வேண்டாமா என்று அவருடைய போனை வாங்கித் தன் வீடியோ அத்தனையையும் இவர்தான் டவுன்லோடு போட்டுக் கொடுத்தார். போன வாரம் ஒரு விசேஷத்துக்குக் கீழே வந்திருந்தபோதுகூட, தினம் படுக்கும்போது அப்பு கொரலக் கேட்டுட்டுத்தான் ஆத்தா படுக்குறேன் என்று என்னிடம் சொன்னார். இவரை அவர் அப்பு என்றுதான் கூப்பிடுவார். வந்தவருக்கு அப்போதுதான் யாரோ நெட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அன்றைக்குச் சேனல் போகவில்லை. மேலே போனதும் அணைத்துவிட்டாராம். காசு ஓடிவிடும் என்று பயம். டவரும் கிடையாது. ஆக அந்தப் போனில் என் வீட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஜீப்பை இப்போது அவருடைய கூட்டாளி ஓட்டுகிறார். அவரிடம் ஓடிப்போய், நாளைக் கழித்து எனக்கு ஓர் இடம் வேண்டும், சின்னம்மா போனில் இருக்கிற வீடியோவுக்காக வருகிறேன் என்று சொன்னேன். மறுநாளே போயிருப்பேன். ஸ்டோரில் ஏலத்துக்கு லோடு கிளம்புகிறது, அன்றைக்கும் லீவு போட்டால் வேலையே போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நாள் முழுக்கக் காயைப் பார்த்தால் காயாகத் தெரியவில்லை. வெடித்ததையெல்லாம் பெரிசில் போட்டு வசவு வாங்கினேன். எந்தப் போன் எதைத் தொட்டால் எது போகும் என்றே எனக்குப் புரியவில்லை. அந்தப் பயத்தில் என் போனையும் அணைத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலையில் முன்சீட்டில் உட்கார்ந்து மலை ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலைக்குப் போகிற பாதையில் நான் போனது அதுதான் முதல் தடவை. மெட்டில் செக்போஸ்ட் தாண்டியதும் பனி இறங்கியது. வளைவு வளைவாக மலை திறந்தது. ஆளில்லாத பாதை, பள்ளத்தில் வெள்ளையாக மேகம். தினமும் இதைப் பார்த்த மனிதர், எங்கோ வெளிநாட்டுக்காரன் வரைந்த மலையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாரே என்று கோபம் வந்தது. அப்புறம், இதைத்தான் அவர் அதில் தேடியிருக்கிறார் என்று பட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டேன். பையில் என் போன் அணைந்தபடி இருந்தது. அதில்தான் அவர் குரலைப் பதிந்து கொண்டுவரப் போகிறேன்.

சின்னம்மா வேலைக்குப் போகாமல் லயத்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார். டீ போட்டு வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்காத்தா இம்புட்டுத் தூரம்? நேத்து டிரைவர் தம்பி வந்து, வீடியோவுக்காக நீ வர்றேன்னு சொல்லுச்சு. ஒரு நாள் கூலி போயிருமே புள்ளைக்குன்னு, சாயங்காலமே வளைவுக்கு நடந்து போயி ஒனக்கு அனுப்பி விட்டேனே, பாக்கலையா? கூட வேல பாக்குற புள்ளைய நெட்டப் போடச் சொல்லி அனுப்புனேன்."

அவருக்கு இடுப்பு வலி. அந்த வளைவு ஏற்றத்தில் இருக்கிறது.

போனைக் கொடுங்க சின்னம்மா என்றேன். துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக் கொடுத்தார். திறந்தேன். சாம்பல் நிறக் கட்டங்கள். கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், கடைசிவரைக்கும் ஒன்றிலும் படமில்லை, குதிரை இல்லை, மலை இல்லை. ஒவ்வொன்றையும் அமுக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை. அந்தப் போனைத் தூக்கி ஏலச்செடிகளுக்குள் எறிய வேண்டும் போல இருந்தது. சின்னம்மாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அன்றைக்கும் இந்த மனுஷிதான் அதே வளைவுக்கு ஓடினார். வேறு யார் ஓடினார்கள்?

"என்னாத்தா, தப்பாப் போச்சா?" என்றார். சிரிப்பு போய்விட்டது.

"இல்ல சின்னம்மா. வந்துருச்சு. எல்லாம் வந்துருச்சு."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பன்னா கொஞ்சம் போடாத்தா, நானும் கேட்டுக்கிறேன், அனுப்புனதுலருந்து எனக்கு வரமாட்டேங்குது என்றார். ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லையாம்.

இங்கே டவர் இல்லையே சின்னம்மா, வீட்டுக்குப் போய்த்தான் போட முடியும், அடுத்த தடவை வரும்போது கொண்டாறேன் என்றேன். தலையாட்டினார். டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

சாயங்காலம் பெண்கள் இறங்கி வந்து பின்னால் ஏறினார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அந்தக் கூட்டாளி நல்ல மனிதர், ஆனால் பேச மாட்டார். ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகி வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது. நான் மட்டும் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏறியாச்சா ஆத்தா. யாரும் விட்டுப் போகலையே. சரி, போவோம். வார்த்தை ஒன்றுவிடாமல் வந்தது. குரல் மட்டும் என்னுடையதாக இருந்தது. மறுபடி மறுபடி சொன்னேன். ஜலதோஷத்தோடு, மழையோடு, பாத்திரம் உருளுகிற சத்தத்தோடு, எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தேன். அவர் வரவில்லை.

இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை என்று போனைப் போட்டேன். வளைவு வந்ததும் டவர் கிடைத்து அது மடியில் அடித்தது. முந்தின நாள் சாயங்காலம் சின்னம்மா அனுப்பியது. சாம்பல் கட்டம் ஒன்று, கீழே ஒரு கும்பிடு பொம்மை. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது.